நடைக்குத் துணை

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எங்கள் பேட்டையில் அப்பாக்களுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே பாசம் கரைபுரண்டு ஓடுவதாக நான் ஒருமுறை மைக் பிடித்துப் பன்னிரண்டு நிமிஷம் பேசியிருக்கிறேன். பேசினேன் என்பதுகூடச் சரியில்லை. எழுதி வைத்து, பீரோ கண்ணாடி முன்னால் இரண்டு தடவை ஒத்திகை பார்த்து, வாசித்தேன். கேட்டவர்கள் முந்நூறு பேர் இருக்கும். அந்தக் கூட்டத்தில் உண்மை தெரியாத ஆள் ஒரே ஒருவன்தான். அவன் கையில்தான் மைக் இருந்தது.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஆஸ்டின் டவுனில் மாடி வீடு, தொழிற்சாலை ஒன்றின் கொள்முதல் பிரிவில் வேலை, ஒரு மனைவி, ஒரு மகள். மீதி நேரத்தில் நகைச்சுவைக் கட்டுரை. யூனியன் மலர், கும்பாபிஷேக மலர், சர்ச் வெள்ளிவிழா மலர் என்று பெங்களூரில் தமிழர்கள் எந்த மலர் போட்டாலும் அதன் கடைசிப் பக்கத்தில், ஊதுவத்தி விளம்பரத்துக்கு மேலே, நான் இருப்பேன். 'மனிதர்களைக் கூர்ந்து கவனிப்பவர்' என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. யார் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். கட்டுரைக்கு மேலே போடுகிற மூன்று வரி அறிமுகத்தை நான்தான் எழுதிக் கொடுப்பது வழக்கம்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஆபீசில் நடந்த மருத்துவ முகாமில் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் கிளினிக் வைத்திருந்த டாக்டரிடம் மனைவி என்னை இழுத்துக்கொண்டு போனாள். பேட்டையில் இந்துவோ கிறிஸ்தவரோ முஸ்லிமோ, யாருக்கு என்ன வந்தாலும் அவர்தான். அவர் என் முகத்தை ஐந்து நிமிஷம் பார்த்தார். என் உடம்பைப் பற்றி என்னிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று அதற்குள் முடிவுக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது. நாற்காலியை மனைவி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு அவளிடம் பேச ஆரம்பித்தார். ஸ்கூல் யூனிஃபார்மோடு கூட வந்திருந்த பத்து வயது மகளிடமும் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். குழந்தையோடு விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் சுவரில் இருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டு எழுதிக் கொடுத்தார். டாக்டர்களின் கையெழுத்தைப் பற்றி நானே இரண்டு மலர்களில் எழுதிக் கிழித்தவன். அதனால் படித்துப் பார்க்கும் ஆசையே வரவில்லை. மனைவியிடம் நீட்டினேன். அவள் அதைப் படித்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"தினம் சாயங்காலம் நாப்பது நிமிஷம் நடக்கணுமாம்" என்றாள் வீட்டுக்கு வரும் வழியில். "இவளையும் கூட்டிட்டுப் போங்களேன். ஸ்கூல் விட்டு வந்தா டிவி முன்னாடியே உக்காந்திருக்கா."

மறுநாள் சாயங்காலத்துக்குள் அது என் யோசனையாக மாறிவிட்டது. ஆபீசில் நாலு பேரிடம் சொன்னேன்: "பிள்ளைங்களோட நேரம் செலவழிக்கணும் சார். அதான் நடக்கறப்ப பொண்ணையும் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன்."

இப்படியாக நடந்தோம். எங்கள் தெருவைத் தாண்டி, சர்ச் மதிலை ஒட்டித் திரும்பி, ஃபுட்பால் கிரவுண்டைச் சுற்றி, மார்க்கெட் ரோடு வழியாக வீடு. சும்மா நடந்தால் நாற்பது நிமிஷம். மார்க்கெட் ரோட்டில் இருந்த ஐயங்கார் பேக்கரியில் நின்றால் ஐம்பது.

மகளோடு நடக்க ஆரம்பித்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் பேட்டையில் அப்பாக்கள் பிள்ளைகளோடு நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் இருவர் அல்ல, கிரவுண்டைச் சுற்றி வருவதற்குள் ஏழெட்டு ஜோடிகள். அம்மாக்கள் காலம் காலமாக இடுப்பில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, "பஸ் பாரு, பஸ் பாரு, ஆ" என்று கிண்ணத்துச் சோற்றை ஊட்டியபடி இதே தெருக்களைச் சுற்றி வந்திருக்கிறார்கள். அதை நான் கவனித்ததில்லை. அம்மா நடந்தால் அதில் எழுத என்ன இருக்கிறது? அப்பா நடந்தால் கட்டுரை.

பக்கத்து அடுகோடியில் டூ வீலர் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஒருவர் வருவார். ஆஜானுபாகுவான மனிதர். நகக்கண்ணில் கிரீஸ் போகாத அவருடைய ஆள்காட்டி விரலை எட்டு வயதுப் பையன் பிடித்துக்கொண்டே வருவான். ரோடு காலியாக இருந்தாலும் விடமாட்டான். டீக்கடை பக்கம் வந்தால் இன்னும் இறுக்கிப் பிடிப்பான். சர்ச் ஸ்கூல் கணக்கு வாத்தியார் ஒருத்தர், பதினாலு வயது மகளோடு வருவார். இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டே நடப்பார்கள். வளர்ந்த பெண் அப்பாவிடம் இவ்வளவு ரகசியம் பேசுகிறதே என்று எனக்குக் கண் கலங்கும். அப்புறம் ஒரு பேங்க் அதிகாரி. அவருக்கு இரட்டைப் பெண்கள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று அவரை நடுவில் விட்டு நடக்கும். ஜனாதிபதிக்குக்கூட அவ்வளவு ஒழுங்காகப் பந்தோபஸ்து கிடைக்காது.

இவர்களையெல்லாம் கடந்து போன பிறகு நான் மகளுக்கு அவர்களைப் போல நடந்து காட்டுவேன். பேங்க் அதிகாரியின் நிமிர்ந்த வயிறு, வாத்தியாரின் சாய்ந்த கழுத்து, மெக்கானிக்கின் யானை நடை. மகள் எனக்கு அரையடி பின்னால், தலையைக் குனிந்தபடி வருவாள். அந்தத் தலைகுனிவைப் பற்றி எனக்கு ஒரு விளக்கம் இருந்தது: அப்பா சொல்வதை அவ்வளவு ஆழமாகக் கேட்கிறாள். நான் சிரித்தால் அவளும் சிரிப்பாள்.

பேக்கரியில் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. எனக்கு ஒரு காரா பன், அவளுக்கு ஒரு வெஜ் பஃப். கடைக்காரர் ஹாசன் ஜில்லாவிலிருந்து வந்த கன்னடக்காரர். நாங்கள் தெருமுனையில் தெரியும்போதே "பன்னி சார், பன்னி" என்று, அதாவது 'வாங்க சார், வாங்க' என்று, கூப்பிட்டுப் பேப்பரைக் கிழிக்க ஆரம்பித்துவிடுவார். வாரத்தில் இரண்டு நாள் என்று தொடங்கியது, மூன்றாகி, சில வாரங்களில் நாலும் ஆனது. தின்று முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட சொல்லாதே" என்பேன். அவள் தலையை ஆட்டுவாள். பஃப்பின் மேல் தோல் ஒன்று அவள் உதட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நானே தட்டிவிடுவேன், தடயம் இருக்கக் கூடாதென்று. அந்த நிமிஷத்தில் இந்த ஊரிலேயே பெரிய பணக்காரன் நான்தான் என்று தோன்றும். யாருக்கு இருக்கிறது, மகளோடு இப்படி ஒரு ரகசியம்? என் அப்பாவும் நானும் வாழ்நாளில் சேர்ந்து மறைத்தது ஒன்றும் கிடையாது. நான் மறைப்பேன், அவர் கண்டுபிடிப்பார்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. அந்த வருஷப் பொங்கல் விழாவுக்குப் பேட்டைத் தமிழர்கள் சேர்ந்து ஸ்கூல் ஹாலை எடுத்தார்கள். சர்ச்சுக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் வருகிற விழா அது. "நீங்கதான் சார் ஏதாவது பேசணும். லைட்டா இருக்கட்டும்" என்றார் செயலாளர். நான் லைட்டாக எழுதவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, உண்மையாகவே நான் நம்பிய ஒரு விஷயத்தைப் பற்றி எழுதினேன். நகைச்சுவை எழுத்தாளன் செய்யக் கூடாத காரியம் அதுதான்.

'மேற்கே சூரியன் இறங்கும் நேரத்தில், எங்கள் தெருவில் ஒரு புதிய அப்பா உதயமாகிறான்' என்று கட்டுரை ஆரம்பிக்கும். இந்த ஒரு வரிக்கு மூன்று நாள் உழைத்தேன். நம் அப்பாக்கள் நம்மை அடித்து வளர்த்தார்கள், நாமோ நடந்து வளர்க்கிறோம் என்று போகும். பெயர் சொல்லாமல் மெக்கானிக்கும் வாத்தியாரும் பேங்க் அதிகாரியும் வருவார்கள்.

மேடையிலிருந்து பார்த்தால் இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள். 'அந்தச் சின்ன விரல்கள் அப்பாவின் பெரிய விரலை விடுவதே இல்லை' என்று குரலைத் தாழ்த்தி வாசித்தேன். பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. நான் அங்கே சிரிப்பு வைக்கவில்லை. ஆனால் எதிர்பாராத இடத்தில் சிரிப்பு வந்தால் என் தொழிலில் இருப்பவன் காரணம் கேட்கமாட்டான், வாங்கிப் பையில் போட்டுக்கொள்வான். 'தலையோடு தலை வைத்து இவர்கள் அப்படி என்னதான் பேசுவார்கள்?' என்று கேட்டேன். இந்தத் தடவை ஆண்கள் பக்கமும் சேர்ந்துகொண்டது. வாத்தியார் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். கடைசியாக, என் சொந்தக் கதைக்கு வந்தேன். 'எனக்கும் என் மகளுக்கும் சில ரகசியங்கள் உண்டு. அவை எங்களோடு இருக்கட்டும்.'

ஹால் இடிந்து விழுந்துவிடும் போல ஆரவாரம். இரண்டாவது வரிசையில் என் மனைவி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினாள். பக்கத்தில் மகள் மட்டும் சிரிக்கவில்லை. தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்ச சுபாவம், என்னைப் போல, என்று நினைத்தேன்.

கூட்டம் முடிந்து வெளியே தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு பாராட்டுக்களுக்காகத் தூண் ஓரமாக வசதியாக நின்றேன். மெக்கானிக் வந்தார். கண்ணில் நீர் நிற்கிறது, அவ்வளவு சிரித்திருக்கிறார்.

"இன்னா சார், இப்படி எங்க மானத்தை வாங்கிட்டீங்க! டாக்டர் கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு."

"டாக்டரா? அவர் எதுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"சார்… நீங்க கிண்டலுக்குத்தானே எழுதினீங்க?"

நான் கையிலிருந்த தொன்னையைப் பார்த்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

அவர் பாவம், நல்ல மனுஷன். தூணுக்குப் பின்னால் என்னைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார். பேட்டையில் யாருக்குச் சர்க்கரை வந்தாலும் அந்த டாக்டர் எழுதும் சீட்டில் கடைசி வரி ஒன்று உண்டாம். நாற்பது நிமிஷ நடை, குழந்தையோடு. ஆண்களைத் தனியாக நடக்க விட்டால் பஜ்ஜிக் கடையில்தான் போய் நிற்பார்கள் என்பது அவருடைய முப்பது வருஷ அனுபவம். மனைவியைக் கூட அனுப்பினால் சண்டை போட்டுக்கொண்டு பாதி வழியில் திரும்பிவிடுவார்கள். குழந்தைதான் சரி. குழந்தை பார்க்கும், வீட்டில் போய்ச் சொல்லும்.

"என் பையன் வெரலைப் புடிச்சிக்கினு வர்றது பாசம்னா நெனச்சீங்க? டீக்கடையாண்ட நான் நின்னா இழுத்துக்கினு போவான் சார். ராட்சசன். வாத்தியாரு பொண்ணு குசுகுசுன்னு பேசறது பேரம். ஒரு பஜ்ஜிக்கு அரை மணி நேரம் டிவி."

"அந்த ட்வின்ஸ்?"

"மொதல்ல ஒண்ணைத்தான் அனுப்புனாங்க. அவரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துக் கவுத்துட்டாரு. அந்தப் பொண்ணு மேல கண்ணு வைக்கத்தான் இன்னொண்ணு."

அப்போது மனைவி வந்து என் கையிலிருந்த தொன்னையை எடுத்துக்கொண்டு போனாள். பழகிய கை.

வீட்டுக்கு வந்ததும் சீட்டைக் கேட்டேன். அவள் பட்டுப்புடவையை மடித்துக்கொண்டே, பீரோவில் எந்தத் தட்டு என்று சொன்னாள். எடுத்தேன். இரண்டு வருஷத்துப் பழைய காகிதம். கடைசி வரி அச்சடித்தது போலத் தெளிவாக இருந்தது. மற்ற எந்த வரியும் எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

"அந்த பன் விஷயம்…"

"எந்தக் கிழமை, எத்தனை, எல்லாம் தெரியும். நீங்க படியேறி வர்றதுக்குள்ள இவ வந்து சொல்லிடுவா. அதுக்கேத்த மாதிரி ராத்திரி சமையல்."

"என்ன சமையல்?"

"பாகற்காய்தான். வேற என்ன?"

இரண்டு வருஷம். வாரத்தில் இரண்டு நாள் பாகற்காய், அப்புறம் மூன்று நாள், சில வாரங்களில் நாலு நாள். மனிதர்களைக் கூர்ந்து கவனிப்பவனுக்கு ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லை. பெங்களூர் தட்பவெப்பத்துக்குப் பாகற்காய் நன்றாக வருகிறது போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறேன். ஆபீசில் ஒருவரிடம் அப்படியே சொல்லியும் இருக்கிறேன்.

மனைவி செய்தது எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. கல்யாணம் என்றால் கொஞ்சம் உளவுத்துறையும் உண்டு. டாக்டர் செய்ததும் போகட்டும், அவர் தொழில். என்னால் தாங்க முடியாதது அந்தத் தலையாட்டல்தான். 'அம்மாகிட்ட சொல்லாதே' என்பேன், அவள் தலையை ஆட்டுவாள், உதட்டில் பஃப்பின் தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தட்டிவிட்ட கை என்னுடையது. முந்நூறு பேர் முன்னால் அதைத்தான் ரகசியம் என்று சொன்னேன்.

நாலு நாள் தனியாக நடந்தேன். ஆறு மணிக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இறங்கிவிடுவேன். வீட்டில் மூன்று பேர் இருந்து, அதில் இரண்டு பேர் ஒரு கட்சி என்றால், மூன்றாமவனுக்கு வெளிநடப்பைத் தவிர வேறென்ன இருக்கிறது? ஐந்தாம் நாள் மாடிப்படியில் மகள் ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது.

"கோவமா?" என்றாள்.

"இல்ல."

"கோவம்தான்."

நானும் ஒரு படி மேலே உட்கார்ந்தேன்.

"சொல்லாதேன்னு சொன்னா தலையை ஆட்டினியே, ஏன்?"

"ஆட்டலைன்னா நீங்க நிறுத்த மாட்டீங்க, சொல்லிட்டே இருப்பீங்க."

"சரி. பஃப் ஏன் தின்னே?"

"நீங்கதானே வாங்கிக் குடுத்தீங்க?" என்றாள், இதிலென்ன கேள்வி என்பது போல. பிறகு, "அதையும் அன்னன்னிக்கே அம்மாகிட்ட சொல்லிடுவேன்" என்றாள்.

இவள் நாளைக்கு வருமான வரித்துறைக்குப் போனால் நாடு உருப்படும் என்று தோன்றியது. பேச்சை விட்டுவிட்டிருக்கலாம். நான் விடவில்லை. எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"நான் சொன்னதெல்லாம் கேட்டியா? அந்தக் கதைங்க, அவங்களை மாதிரி நடந்து காமிச்சது, அதெல்லாம்?"

"கேட்டேனே." கொஞ்சம் யோசித்தாள். "சில சமயம் கேக்க மாட்டேன். காலைப் பாத்துட்டு இருப்பேன்."

"யார் காலை?"

"உங்க காலைத்தான். டாக்டர் அங்கிள் சொன்னாரில்ல? அப்பாவுக்குக் கால்ல அடிபட்டா வலிக்காது, தெரியாது, அப்படியே விட்டா காலையே எடுத்துடுவாங்க, அதனால நீதான் பாத்துக்கணும்னு. ஒரு தடவை கல்லு குத்தி ரத்தம் வந்துச்சு. நீங்க ட்வின்ஸ் அப்பா மாதிரி நடந்துட்டு இருந்தீங்க. உங்களுக்குத் தெரியவே இல்ல. நான் வந்து அம்மாகிட்ட சொன்னேன். அம்மா கால் பிடிச்சு விடறேன்னு சொல்லிட்டு மருந்து போட்டாங்க."

அந்தச் சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி தானாக வந்து என் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பதினாலு வருஷத் தாம்பத்தியத்தில் முதல் தடவை. நெகிழ்ந்துபோய் அதையும் ஒரு வெள்ளிவிழா மலரில் எழுதிவிட்டேன்.

பத்து வயதில் ஒரு குழந்தையிடம் டாக்டர் அப்படிச் சொல்லியிருக்கிறார். அவளும் இரண்டு வருஷம், மழை பெய்யாத நாளெல்லாம், அரையடி பின்னால் தலையைக் குனிந்துகொண்டு என் கால்களைப் பார்த்தபடி வந்திருக்கிறாள். நான் அந்தத் தலைகுனிவுக்கு 'அப்பாவின் சொல்லைச் செவிமடுக்கும் அடக்கம்' என்று எழுதி, மைக்கில் வாசித்து, கைதட்டலும் வாங்கிவிட்டேன்.

"சிரிப்பியே" என்றேன். எனக்கே கேவலமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். "நான் நடந்து காமிக்கறப்ப எல்லாம் சிரிப்பியே."

"நீங்க சிரிச்சா நானும் சிரிப்பேன்."

ஒரு நல்ல அப்பா இந்த இடத்தில் என்ன செய்வான் என்று யோசித்தேன். படித்த புத்தகமெல்லாம் அந்த நேரம் பார்த்துக் கைவிட்டது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் மேடைக் குரலில்தான் சொன்னேன்: "இனிமே நீ எனக்குக் காவலுக்கு வர வேண்டாம்மா. என் காலை நானே பாத்துக்கறேன். பன்னும் கிடையாது. உனக்குப் பிடிச்சா வா, இல்லைன்னா வர வேண்டாம். உன் இஷ்டம்."

இதற்குப் பதிலாக அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பதை மனதுக்குள் எழுதியும் வைத்துவிட்டேன். 'இல்லப்பா, நான் வரேன்.' அவ்வளவுதான். மூன்றே வார்த்தை. அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

"நிஜமாவா?" என்றாள்.

அவள் முகத்தை இரண்டு வருஷமாகத் தினம் பார்க்கிறேன். அப்படி ஒரு வெளிச்சம் அதில் வந்து நான் பார்த்ததில்லை. காரா பன் நாட்களில்கூட இல்லை.

"நிஜமாத்தான்."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

ஷூவோடு இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே ஓடினாள். மொட்டைமாடியில் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். தினம் ஆறு மணிக்கு ஆடுவார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பாதியில் நின்று, கைப்பிடிச் சுவர் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினாள்: "அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்கப்பா! நான் சொன்னா திட்டுவாங்க!"

சொன்னேன். மனைவி திட்டவில்லை. என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். "போய்ட்டு வாங்க" என்றாள். அதில் பரிவு இருந்தது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இனிமேல் நான் அந்த மாதிரி விஷயங்களை விளக்குவதாக இல்லை.

அன்றைக்குக் கிரவுண்டைச் சுற்றும்போது எதிரில் வந்த ஜோடிகளையெல்லாம் பார்த்தேன். விரலைப் பிடித்த பையனின் கண், டீக்கடை வருவதற்கு இருபது அடி முன்னாலேயே அங்கே போய்விடுகிறது. இரட்டையரில் ஒருத்தி அப்பாவைப் பார்க்கிறாள், மற்றவள் முதலாமவளைப் பார்க்கிறாள். எல்லாம் எப்போதும் என் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது. மெக்கானிக் மட்டும் நின்றார். நான் தனியாக வருவதைப் பார்த்துவிட்டு, "விட்டுட்டாங்களா சார்? லக்கி சார் நீங்க" என்றார். பையன் அவரை இழுத்துக்கொண்டு போனான்.

பேக்கரி வந்தது. பன் கிடையாது என்று வாக்குக் கொடுத்தவன்தான். ஆனால் என் காலடியைப் பார்ப்பதற்கு இப்போது யாரும் இல்லை. நின்றேன்.

"பன்னி சார்! மகளு எல்லி?" என்றார் கடைக்காரர். பொண்ணு எங்கே என்கிறார்.

"ஷட்டில்" என்றேன்.

பழக்கதோஷத்தில் அவர் பன்னோடு ஒரு பஃப்பையும் எடுத்துப் பேப்பரில் வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பன்னை ஒரு கடி கடித்தேன். வெங்காயம், பச்சை மிளகாய், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. இறங்கவில்லை. மறைக்க ஆள் இல்லாமல், 'சொல்லாதே' என்று சொல்ல ஆள் இல்லாமல், ஒரு நடுவயது மனிதன் ரோட்டோரம் நின்றுகொண்டு பன் தின்பது எப்படி இருக்கும் என்று இதற்கு முன் எனக்குத் தோன்றியதே இல்லை. இரண்டையும் பெஞ்சுக்குக் கீழே படுத்திருந்த நாய்க்கு வைத்துவிட்டு வந்தேன். அது பஃப்பை மட்டும் தின்றது.

மறுநாளும் தனியாக நடந்தேன். அதற்கு மறுநாளும். பேக்கரிக்காரர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கை மட்டும் தூக்குவதோடு நிறுத்திக்கொண்டார். ஒருநாள் மொட்டைமாடியில் விளையாடாமல் மகள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு நான் தெருவில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடுவாளோ என்று நிமிர்ந்தேன். "அப்பா, ஷட்டில் காக் அங்க விழுந்திருக்கு, தூக்கிப் போடுங்க!" என்றாள். தூக்கிப் போட்டேன். முதல் தடவை மாடி வரை போகவில்லை, இரண்டாவது தடவை போனது.

வீட்டில் பாகற்காய் நின்றுபோனது. அதைக்கூட நான் ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன்.

இரண்டு மாதம் கழித்து மனைவி மறுபடியும் ரத்தம் கொடுக்கச் சொல்லிக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் வழக்கம்போல நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிக்கொண்டு தாளைப் பார்த்தார். ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நாற்காலியை என் பக்கம் திருப்பினார். எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. குழந்தைகளிடம் இப்படியெல்லாம் சொல்லலாமா என்று ஆரம்பித்து, வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன்.

"சுகர் நல்லா இறங்கியிருக்கே!" என்றார் அவர். "மனசு சரியில்லாம இருக்கீங்கன்னு உங்க வீட்ல சொன்னாங்க. நல்ல விஷயம். இன்னும் ஒரு மூணு மாசம் இப்படியே இருங்க, அப்புறம் பார்க்கலாம்."